மீதி வராத கணக்கு

நாலாயிரத்து அறுநூற்று எண்பது. பாவுக் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்கள் மேசையில் இன்று கணினி இருக்கிறது. வகுக்கச் சொன்னால் கண்மூடித் திறப்பதற்குள் வகுத்துக் கொடுக்கும். என்னிடம் ஒரு பேனாவும், கிழித்த காலண்டர் தாள்களும், தலைகொள்ளாத கர்வமும்தான் இருந்தன. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணைப் பட்டுத் திருடி ஆக்கினேன். வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஆரணியில் ஒரு பட்டு முதலாளியின் பாவுக் கூடத்தில் மேற்பார்வைக்குச் சேர்ந்தேன். தேவிகாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் யாருக்கும் சொந்த நிலம் இல்லை, அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். நான் எப்படியோ முட்டி மோதி பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தேன். தறியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் பிறந்ததிலிருந்தே பட்டோடு புழங்கியவர்கள். அவர்கள் நடுவில் நான் தலைநிமிர்ந்து நிற்க எனக்கு இருந்த ஒரே பிடி எண்தான். அதை விட்டுக்கொடுக்க மனம் வராது.

தறியில் நீளவாக்கில் நிற்கும் இழைகள்தான் பாவு. எங்கள் புடவைப் பாவுக்கு உடலில் மட்டும் நாலாயிரத்து எண்ணூறு இழை. பட்டு இழை சுற்றிய நாற்பது பாபின்களைச் சட்டத்தில் மாட்டி, நாற்பது இழைகளையும் சேர்த்துப் பிடித்து, ஆளுயர உருளையில் பாவின் முழு நீளத்துக்கும் சுற்றிக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு தரம் போனால் ஒரு நடை. ஒரு நடைக்கு நாற்பது இழை. நூற்றிருபது நடை போனால் நாலாயிரத்து எண்ணூறு. நடைகளின் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை, ஓட்டுவது சரோஜாக்காவின் வேலை.

நாலாயிரத்து எண்ணூறு ரொம்ப இணக்கமான எண். அதை இரண்டு முழு எண்களின் பெருக்கலாகப் பிரிக்க இருபத்தோரு வழி இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்துவிட்டால் நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் வகுபடாது. சேர்ந்த முதல் வாரத்தில், அறுபத்தேழு வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் அதை வகுத்துப் பார்த்து ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தேன். "சார் சாப்பாட்டுக்கு பதிலா கணக்க தின்னுகினு கீறாரு" என்று கூடத்தில் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சரோஜாக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. நடைக்கு ஒரு புளியங்கொட்டை என்று ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குப் போட்டுக்கொண்டே ஓட்டுவார். அவர் ஓட்டிய பாவில் அதுவரை ஒரு இழை கூடியதில்லை, குறைந்ததில்லை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நானும் வாய் நிறைய அக்கா என்பேன்.

அன்று காலை அரக்கு நிறப் பாவு ஏற வேண்டியிருந்தது. சாயப் பட்டறையிலிருந்து வந்த பட்டைப் பாபினில் சுற்றி, நாற்பதையும் சட்டத்தில் மாட்டிவிட்டார்கள். நான் ஒரு பார்வை பார்த்தேன். ஒரு பாபின் மட்டும் சாயம் வெளுத்துத் தெரிந்தது. புடவையில் கோடு விழும். அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இத சாயக்காரர்கிட்ட காட்டிட்டு வேற அனுப்பறேன்க்கா. வேலை நிக்க வேணாம், ஜல்தி ஆரம்பிங்க."

"அப்போ நடை எத்தினி தம்பி?"

நான் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தேன். "சீட்டுல கீறதுதான்" என்று திரும்பாமலே சொன்னேன்.

அந்த வார்த்தையைப் பாருங்கள். என் மனதில் அதற்கு அர்த்தம், மாற்றுப் பாபின் வந்து நாற்பதும் சேர்ந்ததும் சீட்டில் உள்ளபடி நூற்றிருபது நடை என்பது. அவர் காதில் விழுந்தது, இருக்கிற முப்பத்தொன்பதோடு நூற்றிருபது நடை என்பது. குறைகிற இழைக்குப் படித்த பிள்ளை ஏதோ வழி வைத்திருக்கிறான் என்று நம்பினார். என் கணக்கின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

சாயப் பட்டறையில் போய்ச் சண்டை போட்டேன். சாயக்காரர் பதிலுக்குச் சத்தம் போட்டார். கோபத்தோடு கிளம்பி, வேறு வேலையாகப் போளூர் பக்கம் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது பாவை ஓட்டி முடித்திருந்தார்கள். மாற்றுப் பாபின் அனுப்பச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு.

பாவு முள்ளிப்பட்டில் தேவராஜ் என்பவர் வீட்டுத் தறிக்குப் போனது. தறியில் முடிந்துபோன பழைய பாவின் முனை அப்படியே நிற்கும். அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையை, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். தேவராஜின் மனைவி இந்த வேலையில் பேர்போனவர். இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை பிணைத்துக்கொண்டே வந்தவருக்கு, கடைசியில் பழைய இழை நூற்றிருபது ஜோடியில்லாமல் மிஞ்சிவிட்டது. மறுநாள் காலை தேவராஜ் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

முதலாளி காஞ்சிபுரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. தறி சும்மா நிற்கிறது, முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கூடத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் கை வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

"எங்க வீட்ல ரெட்டை ரெட்டையா வருதுன்னு சொல்லிகினு கீது சார்" என்று தேவராஜ் என்னிடம் ஆரம்பித்தார்.

"ரெட்டையெல்லாம் அப்பறம் பாக்கலாம். எத்தினி கொறையுது, அத மட்டும் சொல்லுங்க."

"நூத்தியிருவது."

முதலாளி சரோஜாக்காவைப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"முப்பத்தொம்பது பாபின்லதாங்க ஓட்டினேன். ஒண்ண சார் எடுத்துகினு போனாரு. வேற வரவே இல்ல. சீட்டுல கீறபடியே ஓட்டச் சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் நான் நிதானிக்கவில்லை. பழி என் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்ததும் என் கை தானாகப் பேனாவைத் திறந்தது. நாலாயிரத்து எண்ணூறில் நூற்றிருபது போனால் நாலாயிரத்து அறுநூற்று எண்பது. நாற்பதால் வகுத்தேன். நூற்றுப் பதினேழு. மீதி பூஜ்யம்.

மீதி பூஜ்யம் வந்ததும் என் நெஞ்சு குளிர்ந்தது. கணக்குப் படித்தவனுக்கு மீதியில்லாத விடை உண்மைபோலவே தெரியும். பேனாவை மூடிவிட்டேன்.

"நாப்பது பாபின், நூத்திப் பதினேழு நடை. கரெக்டா வகுபடுது முதலாளி. மூணு நடை கொறைச்சு ஓட்டியிருக்குது. முப்பத்தொம்பதுல ஓட்டியிருந்தா இந்த நம்பரே வராது."

கடைசி வாக்கியத்தை நான் வகுத்துப் பார்த்துச் சொல்லவில்லை. வகுத்துப் பார்க்கவே இல்லை. அக்கா என்ற வார்த்தையும் அன்று என் வாயில் வரவில்லை, "ஓட்டியிருக்குது" என்றுதான் சொன்னேன்.

"அப்போ அந்த நாப்பதாவது பாபின் எங்க? மூணு நடைப் பட்டு எங்க?" என்றார் முதலாளி.

கூடத்தில் இருந்தது முப்பத்தொன்பது பாபின்தான். அது சரோஜாக்காவின் சொல்லுக்குச் சாட்சி. நாங்களோ அதையே அவர் திருடியதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். சாயப் பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. போய்க் கேட்டுவிட்டு வர ஐந்து நிமிடம் போதும். யாரும் போகவில்லை, நான் போகவில்லை. கணக்கு சொல்லிவிட்டதே, இன்னும் என்ன கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சரோஜாக்கா அழவில்லை. என்னிடம் வந்து, "நெசமாவா சார்? முப்பத்தொம்பதுல ஓட்டினா வராதா?" என்று கேட்டார். தம்பி என்று கூப்பிட்டவர் சார் என்றார். அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டதை அந்தக் கேள்வியில் கேட்டேன். "வராது" என்றேன்.

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். ஆரணியில் பட்டு வேலை செய்கிறவளுக்குக் கை நீளம் என்று ஒரு பேர் கிளம்பிவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் கூடத்திலும் அவள் கையில் பட்டைக் கொடுக்க மாட்டார்கள். செய்தி எட்டிய தெருக்களில் ஒவ்வொரு வாசலிலும் அதையேதான் பேசினார்கள். பாவுக்கு நூற்றிருபது இழை தனியாக ஓட்டிக் கொடுத்து, தேவராஜின் தறியை ஓட வைத்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, புடவையைப் பார்க்க முள்ளிப்பட்டுக்குப் போனேன். தேவராஜின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றார். போகாமல் நின்றதால், என்னம்மா என்று கேட்டேன்.

"அன்னிக்கே சொல்லியனுப்பினேனே சார். ரெட்டை வந்துகினே இருந்திச்சின்னு. அதுக்கு இன்னா காரணம்னு கண்டுபுடிச்சீங்களா?"

பாவின் தலைப்பில் இழைகள் ஒன்று மேல், ஒன்று கீழ் என்று மாறி மாறி நிற்கும்படி ஒரு கயிறு கோத்திருப்பார்கள். இழைகளின் வரிசை குலையாமல் இருக்க அந்த ஏற்பாடு. நடுவில் ஒரு இழை இல்லாமல் போனால், அதன் இரண்டு பக்கத்து இழைகளும் ஒரே பக்கமாக, இரட்டையாக வரும். எனக்கு இது தெரியும். தெரிந்துதான், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன்.

"எங்க வந்திச்சி ரெட்டை?"

"ஓரத்துல மட்டும் வந்தா நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? பாவு பூரா வந்திச்சி. முப்பத்தொம்பது இழைக்கு ஒரு ரெட்டை. எனக்கு பாட்டு மாதிரி பழகிப்போச்சு, எண்ணாமலே கை நின்னுகினு இருந்திச்சி."

நான் கையில் இருந்த தண்ணீரைக் கீழே வைத்தேன். மனதுக்குள் பெருக்கினேன். முப்பத்தொன்பதை நூற்றிருபதால் பெருக்கினால் நாலாயிரத்து அறுநூற்று எண்பது.

இப்போது உங்கள் எதிரே இருக்கும் தாளைப் பாருங்கள். நாற்பதை நூற்றுப் பதினேழால் பெருக்கினாலும் அதுதான், முப்பத்தொன்பதை நூற்றிருபதால் பெருக்கினாலும் அதுதான். முதல் கணக்கில் சரோஜாக்கா மூன்று நடையைத் திருடியிருக்கிறார். இரண்டாவதில் நான் ஒரு பாபினை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எண் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுகிறது. ஒரு பாபின் குறைந்தால் போவது நூற்றிருபது இழை. மூன்று நடை குறைந்தாலும் போவது நூற்றிருபது இழை. நூற்றிருபது நாற்பதால் வகுபடுவதால் வந்த வினை இது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாலாயிரத்து எண்ணூறை இரண்டாகப் பிரிக்க இருபத்தோரு வழி என்றேன் அல்லவா, அதைவிடச் சின்னதான இந்தத் தப்பு எண்ணுக்கு இருபத்துநாலு வழி. யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லக்கூடிய எண்ணிடம் போய் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிணைக்கும்போது மிச்சம் எப்போதும் கடைசி ஓரத்தில்தான் தெரியும். குறை எங்கே இருந்தாலும் ஓரத்தில்தான் போய் நிற்கும். அதனால் ஓரத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் நடை குறைந்தது என்று நம்பினார்கள். நடுவில் நடந்ததைத் தொட்டு உணர்ந்தவர் அந்த அம்மா ஒருவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் சட்டத்தை ஐம்பது பாபினாக மாற்றி, தொண்ணூற்றாறு நடையாக ஓட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதனால்தான். ஒரு பாபின் விட்டுப்போனால் தொண்ணூற்றாறு குறையும், அது ஐம்பதால் வகுபடாது. எந்தத் தப்பு என்பது எண்ணிலேயே தெரியும். நீங்கள் இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறீர்கள். ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முள்ளிப்பட்டிலிருந்து நேராகச் சாயப் பட்டறைக்குப் போனேன். வெளுத்த அரக்குப் பாபின் மாடத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. சாயக்காரர், "சாயம் சரியில்லன்னு கத்திட்டு போனீங்க. வேற வேணும்னு எங்க கேட்டீங்க?" என்றார்.

அன்று சாயங்காலமே முதலாளியைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"வேற ஆள் போட்டாச்சு. வேலை நடந்துகினு கீது. இத இப்போ கிளறினா உன் பேரும் கெடும், கூடத்து பேரும் கெடும். பேஜாரு எதுக்கு? உட்டுடு."

விட்டுவிட்டேன். நாலு நாள் விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். வேலை போனால் தேவிகாபுரத்தில் என் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். அதைவிட, படித்தவன் தப்பாக வகுத்தான் என்று அந்தப் பத்துப் பேர் பேசுவார்கள் என்ற வெட்கம். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

ஐந்தாம் நாள் சரோஜாக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு என்று நான் சொன்ன வார்த்தை, வகுக்காமல் சொன்ன பொய், மாடத்தில் இருந்த பாபின், ஒன்றையும் விடவில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"முப்பத்தொம்பதுல ஓட்டினா அந்த நம்பர் வரும்தானே?"

"வரும்க்கா."

"அப்போ நான் சரியாத்தான் ஓட்டிகீறேன்."

"ஆமாக்கா."

"இத அங்க சொன்னீங்களா?"

"முதலாளிகிட்ட மட்டும் தனியா சொன்னேன்க்கா."

"எனக்கு எதுக்கு வந்து சொல்றீங்க? நான் எடுக்கலன்னு எனக்கு தெரியாதா? அங்க போய் சொல்லுங்க."

மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு வந்து சேரும் வரை காத்திருந்தேன். முதலாளியும் இருந்தார். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு பெருக்கலையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக வாயாலும் சொன்னேன். "அன்னிக்கு நான் ஒண்ணத்தான் போட்டுப் பாத்தேன். இன்னொண்ண போடவே இல்ல. போட்டேன்னு பொய் சொன்னேன். பாபின நான்தான் எடுத்துகினு போனேன். சரோஜாக்கா ஒரு இழைகூட எடுக்கல." முதலாளி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தம்மாவ வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சரோஜாக்கா இரண்டு நாள் கழித்து வந்தார். பாபின்களை ஒவ்வொன்றாகத் தொட்டு நாற்பது எண்ணினார். புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார். அன்று முழுதும் ஓட்டி, மறுநாள் முற்பகலில் பாவை முடித்து, தலைப்பை விரித்துப் போட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "எண்ணிப் பாருங்க" என்றார்.

முதலாளி, "எதுக்கும்மா, நீ ஓட்டினா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"எண்ணட்டுங்க."

நான் போய் உட்கார்ந்தேன். நாற்பது இழையை ஒரு பிடியாகப் பிரித்து ஒதுக்கினேன்.

"நாப்பது நாப்பதா வேணாம் தம்பி" என்றார். "பெருக்க வேணாம். ஒண்ணொண்ணா எண்ணுங்க."

ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். ஆயிரத்தில் தொண்டை வறண்டது. இரண்டாயிரத்தில் கண் மங்கி, ஒரு இடத்தில் சந்தேகம் வந்து, திரும்பப் பின்னால் போய் எண்ணினேன். அவர் என் எதிரே உட்கார்ந்து, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி இழையைத் தள்ளிவிட்டு, "நாலாயிரத்து எண்ணூறு" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். சரோஜாக்கா எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கூடத்துக்கு வேலைக்கு வரவே இல்லை.